இலவம்பாடிக் கத்திரியின் முள்ளை எடுக்க முடியுமா? பயிரின் ஜீனோமை வைத்து வேலை செய்வது எப்படி

வேலூரில் கத்திரிக்காய் வாங்கத் தெரிந்தவர்கள் காயை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்பே காம்பைத் தடவிப் பார்த்துவிடுவார்கள். சுருக்கென்று குத்தினால் இலவம்பாடிக் காய், குத்தாவிட்டால் வேறு எங்கிருந்தோ வந்து பெயரை மட்டும் கடன் வாங்கிய காய். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊரை ஒட்டிய இலவம்பாடிப் பக்கம் விளையும் இந்த முள்ளுக் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஆனால் அந்த முள்ளோடு தினமும் மல்லுக்கட்டுவது வாங்குகிறவர் இல்லை, விடிவதற்குள் கூடையோடு செடிக்குள் இறங்குகிற பெண்கள்தான். என் அத்தை வருஷக்கணக்கில் பறிக்கிறார். "இவ்ளோ படிச்சியே, முள்ளு இல்லாத செடி ஒண்ணு கொண்டாரக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மரபணு, மார்க்கர் (ஒரு மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம்) என்று பாடத்தில் படித்துவிட்டு, வயலில் எந்தக் கால் எடுத்து வைப்பது என்று முழிக்கிற வேளாண் மாணவர்களுக்கு இது உதவும். முள்ளை உதாரணமாக வைத்துச் சொன்னாலும் வழி எல்லாப் பயிருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒரு குணத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. "நல்ல கத்திரி வேண்டும்" என்றால் ஜீனோமுக்கு, அதாவது செடியின் மொத்த டி.என்.ஏ.வுக்கு, புரியாது. விளைச்சல், ருசி, காய்த்துளைப்பான் புழுவைத் தாங்குவது, கோடை வெயிலில் பூ கொட்டாமல் இருப்பது எல்லாமே ஆசைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக் கணக்கு வேறு. முள் இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் ஒரு பெரிய மரபணுவின் வேலை. விளைச்சல் என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணுக்களும் மழையும் உரமும் சேர்ந்து போடும் கூட்டு. புதிதாக ஆரம்பிப்பவர் முதல் வகையை எடுத்துக்கொள்வது நல்லது. காய்த்துளைப்பானை எடுத்தீர்களென்றால், நாம் பயிரிடும் கத்திரி ரகங்களில் அதற்கு வலுவான எதிர்ப்பே கிடையாது, அதனால்தான் பாக்டீரியா மரபணுவைச் செருகிய பி.டி. கத்திரி என்ற வழிக்குப் போனார்கள், அது இந்தியாவில் 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது, பங்களாதேஷில் 2014 முதல் பயிராகிறது. முதல் ஆராய்ச்சிக்கு அது ஆகாது.

குணத்தை முடிவு செய்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடாதீர்கள். அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். "முள் அதிகம்", "முள் குறைவு" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்; ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எது அதிகம், எது குறைவு என்று எனக்கே விளங்கவில்லை. எண்ண வேண்டும். நாற்று நட்டு 45ஆம் நாள், உச்சியிலிருந்து மூன்றாவது முழு இலை, மேற்பரப்பில் மட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு எல்லாச் செடியிலும் அதையே எண்ணுங்கள். தண்டுக்கு ஒரு பத்தி, இலைக்கு ஒரு பத்தி, காயின் காம்புத் தொப்பிக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதுங்கள், மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக ஆக்கவே கூடாது. இன்னொருவரையும் எண்ணச் சொல்லி ஒப்பிடுங்கள். இரண்டு பேர் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு விதியில் இருக்கிறது, செடியில் இல்லை. டி.என்.ஏ.வை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும், வயல் நோட்டில் தப்பு இருந்தால் கம்ப்யூட்டர் அந்தத் தப்புக்கும் சேர்த்து ஒரு மரபணுவைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடும்.

அப்புறம், யாருக்காக இந்தக் குணத்தை மாற்றுகிறோம் என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். நான் ஆர்வமாக முள்ளில்லாத செடித் திட்டத்தை விளக்கியபோது அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னாடா இது, முள்ளே இல்லன்னா மார்க்கெட்டுல இலவம்பாடின்னு எவன் நம்புவான்? காம்புல முள்ளு இருக்கட்டும், கொம்புல எலைல வேணாம்" என்றார். ஒரே வாக்கியத்தில் என் திட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி கலப்பு. முள்ளுள்ள செடியையும் முள்ளே இல்லாத ஒரு ரகத்தையும் கலக்க வேண்டும். எது தாய், எது தந்தை என்பதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். முள் இருப்பது ஓங்கிய குணம், மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும்; இல்லாதது ஒடுங்கிய குணம், இரண்டு பிரதியும் அப்படி இருந்தால்தான் தெரியும். முள்ளுச் செடியைத் தாயாக வைத்தால், கலப்பு தோற்றுத் தன் மகரந்தத்திலேயே காய்த்திருந்தாலும் நாற்றில் முள்தான் வரும், கலந்ததா இல்லையா என்று தெரியவே தெரியாது. முள்ளில்லாததைத் தாயாக வைத்து இலவம்பாடியின் மகரந்தத்தைத் தடவினால், முளைக்கும் நாற்றில் முள் இருப்பதெல்லாம் உண்மையான கலப்பு, வழவழவென்று இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். செலவே இல்லாத மார்க்கர் இது.

கத்திரிப் பூவில் சூல்தண்டு நீளமாக, நடுத்தரமாக, குட்டையாக என்று பல வகை உண்டு. குட்டைத் தண்டுப் பூவில் காய் பிடிக்காது, அதில் மெனக்கெட வேண்டாம். மறுநாள் விரியப்போகும் நீளத் தண்டு மொட்டைச் சாயங்காலம் பார்த்து, இடுக்கியால் மெதுவாகப் பிரித்து மஞ்சள் மகரந்தப் பைகளை மட்டும் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் உறையை மாட்டிவிடுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் தந்தைச் செடிப் பூவிலிருந்து மகரந்தம் எடுத்துத் தடவி, மறுபடி உறை, காம்பில் வண்ண நூல். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இதைச் செய்து பார்க்காதீர்கள், பூவும் கொட்டும் உங்களுக்கும் மண்டை காயும். காய் செடியிலேயே பழுத்து மஞ்சளான பிறகு பறித்தால் ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும்.

அந்த விதையில் வருவது முதல் தலைமுறை, எல்லாமே முள்ளாக இருக்கும். அவற்றை உறை போட்டுத் தன்மகரந்தத்தில் காய்க்க விட்டால் வருகிற இரண்டாம் தலைமுறையில்தான் ஆட்டமே ஆரம்பம். மெண்டல் கணக்குப்படி மூன்றுக்கு ஒன்று. 200 செடி நட்டால் 150 முள், 50 முள்ளில்லாதது வர வேண்டும். உங்களுக்கு 141க்கு 59 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இது மூன்றுக்கு ஒன்றுதானா? எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் 9, அதன் வர்க்கம் 81. 81ஐ 150ஆல் வகுத்தால் 0.54, 50ஆல் வகுத்தால் 1.62, கூட்டினால் 2.16. கை-வர்க்கச் சோதனை என்று சொல்லும் இந்தக் கணக்குக்கு எல்லைக்கோடு 3.84. அதற்குக் கீழே இருப்பதால் ஒரே மரபணு என்ற எண்ணம் தாங்குகிறது. கோட்டைத் தாண்டிவிட்டால் இரண்டு மரபணுவோ, உங்கள் எண்ணும் விதியில் கோளாறோ, இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

இப்போதுதான் டி.என்.ஏ. ஒவ்வொரு செடியிலிருந்தும் இளம் இலை ஒன்று. கத்திரி இலையை நசுக்கினால் பழுப்பாகிவிடும், காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதே, அதே பாலிபீனால் சமாசாரம்தான், இது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டால் பின்னால் டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை செய்யாது. அதனால் டி.என்.ஏ. பிரிக்கும் வழக்கமான சி.டி.ஏ.பி. கரைசலில், பாலிபீனாலைச் சமாளிக்க பி.வி.பி., மெர்காப்டோ எத்தனால் என்ற ரசாயனங்களையும் சேர்த்து, 65 டிகிரியில் வைத்து, குளோரோபார்மால் பிரித்து, ஐசோபுரோப்பனாலில் திரளவிட்டு எடுக்கிறோம். குளோரோபார்ம், மெர்காப்டோ எத்தனால் இரண்டையும் புகைக்கூண்டுக்குள் மட்டும் கையாளுங்கள், கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். வயலிலிருந்து ஆய்வுக்கூடம் தூரமென்றால் இலையை சிலிக்கா ஜெல்லோடு உறையில் போட்டு உலர்த்தி எடுத்துப் போகலாம், ஐஸ் பெட்டி தேவையில்லை.

லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். நான் மார்க்கர் பேனாவில் எழுதி, குழாய்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, 96 மாதிரியின் எண்ணையும் ஒரே துடைப்பில் அழித்தவன். இரண்டு நாள் உழைப்பு. கூட இருந்த நண்பன் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு பாவமாக இருந்ததாம் என்னைப் பார்க்க.

சரி, கத்திரியின் ஜீனோம் எவ்வளவு பெரியது என்று ஒரு அளவு வைத்துக்கொள்வோம். 12 ஜோடி குரோமோசோம், சுமார் 120 கோடி டி.என்.ஏ. எழுத்து. நெல்லுக்கு 40 கோடிதான், மனிதனுக்கு 300 கோடிக்குக் கொஞ்சம் மேல். இந்த 120 கோடியில் முள்ளைத் தீர்மானிக்கும் இடத்தைத் தேட 200 செடியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. குறுக்கு வழி இருக்கிறது. முள்ளே இல்லாத செடிகளில் 25, நன்றாக முள் உள்ளவற்றில் 25 எடுத்து, ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் சம அளவு அளந்து, இரண்டு கலவையாக ஆக்குங்கள். இரண்டு கலவை, இரண்டு பெற்றோர், மொத்தம் நான்கு மாதிரியைத்தான் டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிக்கக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு கலவையையும் ஜீனோமின் அளவைப்போல் முப்பது மடங்கு படிக்கச் சொன்னால் 3,600 கோடி எழுத்து வரும், இந்த வேலைக்கு அது போதும்.

வந்த தரவை, ஏற்கெனவே முழுசாகப் படித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஒரு கத்திரி ரகத்தின் ஜீனோமின் (மாதிரி ஜீனோம்) மேல் பொருத்த வேண்டும். தக்காளி, கத்திரி, மிளகாய்க் குடும்பத்துக்கென்றே சோல் ஜீனோமிக்ஸ் நெட்வொர்க் என்ற தளம் இருக்கிறது, அதில் எடுக்கலாம். கட்டளை அடித்துப் பழக்கமில்லாதவர்கள் கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் பொத்தானை அழுத்தியே பொருத்துவது, மாறுபட்ட எழுத்துகளைப் பட்டியலிடுவது எல்லாம் செய்துகொள்ளலாம். பிறகு ஒவ்வொரு மாறுபட்ட எழுத்திலும், முள்ளில்லாத பெற்றோரின் எழுத்து ஒவ்வொரு கலவையிலும் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுக் குரோமோசோம் வாரியாக வரைபடம் போடுங்கள். முள்ளுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இரண்டு கலவையிலும் பங்கு பாதி பாதியாக, 0.5ஐச் சுற்றியே ஆடும். முள் மரபணுவை நெருங்க நெருங்க முள்ளில்லாத கலவையில் அது 1ஐத் தொடும், ஏனென்றால் அந்தச் செடிகள் எல்லாமே இரண்டு பிரதியும் ஒடுங்கியவை. முள்ளுள்ள கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மலை மட்டும் தெரிந்து பள்ளம் தெரியவில்லை என்றால் உங்கள் முள்ளுக் கலவையில் தப்பான செடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். (பென்சில்!)

மலை உச்சியைச் சுற்றி நிறைய மரபணு இருக்கும். எது குற்றவாளி? இங்கே நமக்கு அதிர்ஷ்டம். 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, கத்திரிக் குடும்பத்தில் பல இனங்கள் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக முள்ளை இழந்தபோது திரும்பத் திரும்ப லாக் (LOG) என்ற ஒரே மரபணுக் குடும்பத்தில்தான் பழுது ஏற்பட்டிருக்கிறது என்று காட்டியது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதி அது. ரோஜா முள், கத்திரி முள் என்று உறவே இல்லாத செடிகளிலும் இதே கதை என்பதுதான் அந்த ஆய்வின் அழகு. ஆகவே உங்கள் மலையடியில் லாக் குடும்பத்து மரபணு ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஐ.ஜி.வி. என்ற மென்பொருளில் அந்த இடத்தைத் திறந்து, உங்கள் முள்ளில்லாத பெற்றோரில் எழுத்து எங்கே உடைந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். மாதிரி ஜீனோம் வேறொரு ரகத்தினுடையது என்பதை மட்டும் மறக்காதீர்கள். நம் நாட்டு ரகத்தில் உள்ள, ஆனால் அந்த மாதிரி ஜீனோமில் இல்லாத துண்டு ஏதாவது இருந்தால் பொருந்தாமலே தொங்கிக்கொண்டிருக்கும், பட்டியலில் வராது.

உடைந்த இடம் கிடைத்துவிட்டால் அதை அடையாளம் காட்டும் சின்ன பி.சி.ஆர். சோதனை ஒன்றை வடிவமைப்பதுதான் மார்க்கர். அதை 200 செடியிலும் போட்டுப் பாருங்கள். முள்ளில்லாத ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியும் உடைந்ததாக வர வேண்டும், ஒன்று பிசகினாலும் விடாதீர்கள்.

மார்க்கரின் முழு லாபமும் அடுத்த கட்டத்தில்தான். நமக்கு வேண்டியது ஏதோ ஒரு முள்ளில்லாத கத்திரி இல்லை, இலவம்பாடியின் ருசியோடு முள்ளில்லாத கத்திரி. அதனால் கலப்புச் செடியைத் திரும்பத் திரும்ப இலவம்பாடியோடே கலக்க வேண்டும். இந்த முறை இலவம்பாடி தாய், கலப்புச் செடி தந்தை, அப்போதுதான் உட்கருவுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ.வும் நம் ரகத்தினுடையதாகவே வரும். ஒவ்வொரு முறையும் இலவம்பாடிப் பங்கு 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். சிக்கல் என்னவென்றால், இந்தத் தலைமுறைச் செடிகள் எல்லாமே பார்க்க முள்ளாகத்தான் இருக்கும். உடைந்த பிரதியை ஒளித்து வைத்திருக்கும் பாதிச் செடிகளைக் கண்ணால் பிரிக்க முடியாது. மார்க்கர் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒருமுறை தன்மகரந்தத்தில் காய்க்கவிட்டுப் பார்க்க வேண்டும், மூன்று சுற்றுக்கு ஆறு பருவம். மார்க்கர் இருந்தால் குழித்தட்டில் நாற்றாக இருக்கும்போதே ஒரு சின்ன இலைத் துண்டில் தெரிந்துவிடும், வேண்டியதை மட்டும் நடலாம், மூன்று பருவம் போதும். கூடவே மற்ற குரோமோசோம்களிலும் சில மார்க்கர் போட்டு, இலவம்பாடிப் பங்கு அதிகமாகத் திரும்பிய நாற்றைப் பொறுக்கினால் இரண்டே சுற்றில்கூட முடிக்கலாம். முள் மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் வேண்டாத மரபணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், இருபக்கமும் நெருக்கமாக இரண்டு மார்க்கர் வைத்து, அவை ஒட்டாமல் வந்த நாற்றைப் பொறுக்குவது முக்கியம்.

இது காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இதே முறையில்தான் ஹைதராபாத்தில் சம்பா மசூரியில் பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை ஏற்றி, அரிசியின் நயம் கெடாமல் 2008இல் ஒரு ரகமாக வெளியிட்டார்கள். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த சப்1ஏ மரபணு, சொர்ணா நெல்லை இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தும் பிழைக்க வைத்தது, 2009இல் அது விவசாயிகளுக்கு வந்தது. நம் மல்லாட்டையிலும் (நிலக்கடலை) உண்டு. மல்லாட்டை இரண்டு காட்டுச் செடிகளின் ஜீனோம் சேர்ந்து உருவான பயிர், எதற்கும் இரண்டு பூட்டு. எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஃபேட்2 என்ற மரபணுவின் இரண்டு நகலும் பழுதாக வேண்டும். இரண்டையும் மார்க்கர் வைத்துச் சேர்த்துத்தான் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்களில் ஓலியிக் அமிலத்தைச் சுமார் 80 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள்.

விளைச்சல் மாதிரிப் பல மரபணுக் குணங்களுக்கு இந்த முறை செல்லாது. அங்கே ஜீனோம் முழுக்க ஆயிரக்கணக்கான மார்க்கர் படித்து, சில நூறு செடிகளின் அளவையும் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பழக்கி, புதுச் செடியின் திறனைக் கணிக்கச் சொல்கிறோம். விரிஞ்சிபுரம் மண்ணில் பழக்கிய கணிப்பு வேறு மண்ணில், வேறு மழையில் சறுக்கும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், அது தனிப் பாடம்.

மரபணுத் திருத்தம் செய்து லாக்கை நேரடியாக உடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியும், அந்த 2024 ஆய்வுக் குழுவே கத்திரியின் சொந்தக்காரச் செடிகளில் செய்து காட்டியது. வேற்று மரபணு உள்ளே மிஞ்சாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு சில கெடுபிடிகளைத் தளர்த்தியும் இருக்கிறது. ஆனாலும் இயற்கையிலேயே உடைந்த பிரதி கைவசம் இருக்கும்போது, முதல் முறை செய்பவருக்குக் கலப்பே போதும் என்பது என் கட்சி. நாட்டு விதையை எடுக்கும்போது எந்த வீட்டு விதை என்று எழுதி வையுங்கள், விதை கொடுத்தவரிடம் எதற்கென்று சொல்லிவிட்டு எடுங்கள். 2001ஆம் வருஷப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயிக்கு உரிமை உண்டு.

கடைசிச் சுற்றுச் செடியைத் தன்மகரந்தத்தில் காய்க்கவிட்டு, அதில் முள்ளில்லாத கால்பங்கைப் பிரித்து, இலவம்பாடியோடு பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நட்டு, காயை வீட்டுக்கு எடுத்துப்போய் எது எதென்று சொல்லாமல் இரண்டு சட்டியில் காரக்குழம்பு வைக்கச் சொல்லுங்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தொக்காகவும் ஒருமுறை. ருசிக்கு மார்க்கர் இன்னும் உங்களிடம் இல்லை, நாக்குதான் இருக்கிறது.

அத்தை கேட்ட விஷயம் பாக்கி இருக்கிறது. லாக் முழுசாக உடைந்தால் இலை முள்ளோடு காம்பு முள்ளும் சேர்ந்தே போய்விடும், அவருக்கு அது வேண்டாம். அதனால்தான் தண்டு, இலை, காம்புத் தொப்பி மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதச் சொன்னேன். இரண்டாம் தலைமுறை 200 செடியில் தண்டும் இலையும் கிட்டத்தட்ட வழவழப்பாக, காம்பில் மட்டும் முள்ளோடு ஒன்று நின்றால் அதை இரண்டு கலவையிலும் சேர்க்காதீர்கள். வேறு ஏதோ சின்ன மரபணு அங்கே வேலை செய்யலாம், அல்லது நீங்கள் தப்பாக எண்ணியிருக்கலாம். மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் அடுத்த மொட்டுக்கு உறை மாட்டி, விதையைத் தனியாக எடுத்து வையுங்கள்.